கோண அளவைகளின் பூர்வ கதை

நில அளவையோ கப்பலோட்டமோ வான சாஸ்திரமோ பயில்கின்ற மாணவன் ஒருவன், தன் சயின்டிபிக் கால்குலேட்டரில் பாகை, கலை, விகலை ஆகியவற்றின் குறிகள் மூன்றையும் சேர்த்துப் பொறித்த சிறு விசையை அழுத்தியதும், 13 பாகை 5 கலை 24 விகலை என்னும் கோணம் 13.09 பாகை என்று உருமாறித் திரையில் நிற்கின்றது. கணக்கு எளியதே. 24 விகலையை 60ஆல் வகுத்தால் 0.4 கலை, அதனோடு 5 கலையைக் கூட்டி, வரும் 5.4ஐ மீண்டும் 60ஆல் வகுத்தால் 0.09 பாகை. ஆயினும் அந்த இரண்டு வகுத்தல்களுக்குப் பின்னால், அறுபது அறுபதாக எண்ணிய வழக்கமும் பத்துப் பத்தாக எண்ணும் வழக்கமும் ஒரே வட்டத்தின்மீது உரிமை கொண்டாடிவந்த நெடிய சரித்திரம் ஒன்று இருக்கின்றது.

அறுபதின் வழக்கம் மெஸபடோமியாவில் பிறந்தது. இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு என எதனால் வகுத்தாலும் மீதியின்றிப் பிரியும் எண்ணாதலால், பின்னங்களைக் கையாள அதைவிட வசதியான எண் பண்டையோர்க்குக் கிட்டவில்லை. பாபிலோனியர் ராசிச் சக்கரத்தை முப்பது முப்பது பாகைகளாகப் பன்னிரண்டு கூறிட்டனர், கிரேக்கர் அதை ஏற்றனர், கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி தம் வான சாஸ்திரப் பெருநூலில் அரைப் பாகைக்கு ஒன்றாக நாண்களின் நீளத்தை அட்டவணையிட்டபோது, பாகைக்கு 60 கலை, கலைக்கு 60 விகலை என்னும் முறை நிலைபெற்றது.

நம் தேசத்து ஆரியபடர் கி.பி. 499இல் செய்த காரியம், என் மனத்துக்கு, இந்தச் சரித்திரத்திலேயே மிக அழகியது. வட்டத்தின் பரிதியை 21,600 கலைகளாகக் கொண்ட அவர், ஆரத்தையும் வேறோர் அளவையால் அளவாது, அதே கலையாலேயே அளந்து, 3,438 என்று வைத்தார். 3,438 கலையென்பது 57 பாகை 18 கலை. இன்று பள்ளிச் சிறுவர் ஆரையன் என்று படிக்கும் அலகு ஏறத்தாழ இதுவே. ரேடியன் என்ற பெயர் 1873இல் பெல்பாஸ்ட் நகரத்துக் கல்லூரியில் ஜேம்ஸ் தாம்சன் தயாரித்த பரீட்சை வினாத்தாளில் அச்சேறுவதற்குப் பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே, வில்லையும் ஆரத்தையும் ஒரே அலகில் ஒப்பிடும் கருத்து இங்கே கணக்கில் வழங்கியிருக்கின்றது.

காலத்தையும் நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 60 விநாழிகை என்றே பகுத்த நம் பஞ்சாங்கக் கணிதர்களுக்கு அறுபதின் பெருக்கலும் வகுத்தலும் மனப்பாடம். புதுச்சேரியில் அப்படிப்பட்ட தமிழர் ஒருவர், ஏடும் எழுத்தாணியும் இன்றி, தரையில் சோழிகளைப் பரப்பி, நினைவிலிருந்த கணித வாக்கியங்களைக் கொண்டே சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை ஜான் வாரன் 1825இல் சென்னையில் வெளியான தமது காலசங்கலிதத்தில் பதிவுசெய்திருக்கிறார்.

அறுபதை முற்றிலும் அகற்ற எழுந்த பெருமுயற்சி பிரெஞ்சுப் புரட்சியோடு வந்தது. செங்கோணத்தை 90 என்னாது 100 கிரேடு என்று வகுத்து, கிரேடுக்கு 100 கலை, கலைக்கு 100 விகலை என்று வைத்துவிட்டால், துருவத்திலிருந்து பூமத்திய ரேகை வரையுள்ள தூரத்தில் கோடியில் ஒரு பங்கே மீட்டராதலின், பூமியின்மேல் ஒரு புதிய கலை சரியாக ஒரு கிலோமீட்டர் ஆகிவிடும். இதைவிட ஒழுங்கான ஏற்பாட்டை எண்ணிப்பார்ப்பது அரிது. பிரெஞ்சு அறிஞர் போர்தா புதிய அளவைப்படி கோணமானிகளை அமைத்தார். மீட்டரின் நீளத்தை நிர்ணயிக்க, வானியலாளர்களான தெலாம்பரும் மெஷேனும் 1792 முதல் டன்கர்க்கிலிருந்து பார்சிலோனா வரையுள்ள தூரத்தை அவற்றைக் கொண்டு அளந்தனர். புரோனியின் மேற்பார்வையில், பிரபுக்களின் பொய்முடி அலங்காரம் ஒழிந்து பிழைப்பிழந்த சிகையலங்காரத் தொழிலாளர் பலரும் அடங்கிய பெரிய குழு, கூட்டலும் கழித்தலும் மாத்திரமே செய்து, நூற்றின் முறையில் மாபெரும் அட்டவணைகளைக் கணித்து முடித்தது. அவ்வளவு பாடுபட்டு எழுதிய அந்தக் கையெழுத்துத் தொகுதிகள் முழுமையாக அச்சேறவே இல்லை என்பதை நினைக்கும்தோறும் வருத்தம் உண்டாகிறது. உலகத்தின் கடற்படங்களும் கருவிகளும் கடிகாரங்களும் அறுபதில் ஊறிப்போயிருந்தமையால் புதிய கோணம் பிரான்சிலும் வேறு சில ஐரோப்பிய நாடுகளிலும் உள்ள நில அளவையாளர் கையோடு நின்றுவிட்டது.

ஆகவே பாகை, ரேடியன், கிரேடு என்னும் மூன்று முறைகளும் உயிரோடிருக்க, அவற்றுக்கிடையே மாற்றிக் கொடுக்கும் வேலை நீண்டகாலம் அட்டவணைப் புத்தகங்களைச் சார்ந்திருந்தது. 1972இல் ஹியூலெட் பேக்கார்டு வெளியிட்ட எச்பி-35 பாகையை மட்டுமே அறிந்திருந்தது. மறு ஆண்டின் எச்பி-45 பாகை, ரேடியன், கிரேடு மூன்றையும் ஏற்றதோடு, கலை விகலைகளைத் தசமமாக மாற்றும் விசையையும் பெற்றிருந்தது. அதில் மேற்சொன்ன கோணத்தை 13.0524 என்று உள்ளிட வேண்டும். புள்ளிக்குப் பின்வரும் முதல் இரண்டு இலக்கங்கள் கலை, அடுத்த இரண்டு விகலை.

இங்கேதான் அபாயம் இருக்கின்றது. மாற்று விசையை அழுத்த மறந்தால் இயந்திரம் 13.0524ஐத் தசமப் பாகையாகவே கொள்ளும்; வித்தியாசம் 0.0376 பாகை, அதாவது இரண்டேகால் கலை. ஓர் ஊரின் அட்சரேகையில் அது நான்கு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பிழை. ஆகையால் கால்குலேட்டரைக் கையிலெடுக்கும் இளைஞர்கள், திரையின் மூலையில் பாகை, ரேடியன், கிரேடு ஆகியவற்றைக் குறித்து நிற்கும் டி, ஆர், ஜி என்ற எழுத்துகளுள் எது ஒளிர்கிறது என்பதை முதலில் பார்த்து, ஒரு கோணத்தையேனும் காகிதத்தில் கையால் மாற்றிச் சரிபார்த்த பின்பே அன்றைய வேலையைத் தொடங்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.