கைதி வழிக்காவல்

கைதி வழிக்காவல் என்பது சிறையில் இருப்பவரை நீதிமன்றம், மருத்துவமனை, வேறு சிறை ஆகிய இடங்களுக்குக் காவலுடன் அழைத்துச் சென்று ஒப்படைக்கும் பணி. தமிழ்நாட்டில் சிறை வாயில் வரை கைதி சிறைத்துறையின் பொறுப்பு; வாயிலைத் தாண்டியதும் காவல்துறையின் பொறுப்பு. பெரும்பாலும் ஆயுதப்படைக் காவலர்களே இப்பணிக்குச் செல்கின்றனர்.

விலங்கும் சட்டமும்

கைதிக்கு விலங்கிட 1894ஆம் ஆண்டுச் சிறைகள் சட்டம் இடமளித்தது. நாடு விடுதலை பெற்ற பின்னும் கைவிலங்கே பாதுகாப்பு என்னும் வழக்கம் நீடித்தது. திகார் சிறையிலிருந்த விசாரணைக் கைதி பிரேம் சங்கர் சுக்லா அனுப்பிய தந்தியை மனுவாக ஏற்ற உச்ச நீதிமன்றம், 1980இல் அதை மாற்றியது. வேறு வழியே இல்லாதபோது மட்டும் விலங்கிடலாம், காரணத்தை எழுதி நீதிமன்றத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்றது நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு. வசதியுள்ள கைதிக்கு விலக்கு, ஏழைக்கு விலங்கு என்ற விதியையும் அது தள்ளியது. தப்பியோடுவதைத் தடுக்கக் காவலர் எண்ணிக்கையைக் கூட்டலாம், அவர்களுக்குச் சிறப்புப் பயிற்சி தரலாம், பாதுகாப்பான வாகனத்தைப் பயன்படுத்தலாம் என்று மாற்று வழிகளையும் சொன்னது. குவாஹாட்டி மருத்துவமனையில் தடா (பயங்கரவாதத் தடுப்பு) சட்டக் கைதிகளைக் கட்டிலோடு விலங்கிட்ட வழக்கில், 1995இல் இத்தடை மேலும் இறுகியது.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்கு மாற்றாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43(3) பிரிவு, தொடர் குற்றவாளிகள், காவலிலிருந்து தப்பியவர்கள், கொலை, பயங்கரவாதம் போன்ற குற்றங்களில் சிக்கியவர்கள் ஆகியோருக்குக் கைவிலங்கிட மீண்டும் வழிவிட்டது.

திருவள்ளூர் வட்டாரம்

சிறைக்கும் நீதிமன்றத்துக்கும் இடையிலான தொலைவும் வழிக்காவலைப் பாதிக்கிறது. முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தியின் கொலை வழக்கு, திருவள்ளூர் மாவட்டப் பூந்தமல்லியில் பலத்த காவலுடன் அமைந்த தனி நீதிமன்றத்தில் நடந்தது. 1998 ஜனவரி 28இல் தீர்ப்பு வெளியானது. சிறையும் விசாரணை மன்றமும் ஒரே வளாகத்தில் இருந்ததால் சாலைப் பயணத்தின் ஆபத்து குறைந்தது.

சென்ட்ரல் ரயில் நிலையத்தருகே இயங்கிய சென்னை மத்திய சிறை, 2006இல் கும்மிடிப்பூண்டி செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள புழலுக்கு மாறியது. இதனால் நகர நீதிமன்றங்களுக்கான வழிக்காவல் தொலைவு கூடியது.

காணொலி

2009 இறுதியில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத் திருத்தம், முதல் முறை நேரில் ஆஜர்படுத்தியபின் நீதிமன்றக் காவல் நீட்டிப்புக்குக் காணொலியை அனுமதித்தது. 2020இல் பெருந்தொற்று இதைப் பரவலாக்கியது. இதனால் நீதிமன்றப் பயணங்கள் குறைந்தாலும், சிகிச்சைக்கும் சிறை மாற்றத்துக்கும் வழிக்காவல் இன்றும் தேவைப்படுகிறது.