அரிட்ட பர்வதத்துத் தபோவனம்

இலங்கையின் வடமத்திய மாகாணத்தில், மரதன்கடவலையிலிருந்து ஹபரணைக்குப் போகும் நெடுஞ்சாலையில் செல்பவர்களுக்கு, வயலும் குளமும் புதர்க்காடுமாக மாறி மாறி வரும் சமவெளியின் இடப்புறத்தில், ஒரு மலை தன்னந்தனியே எழுந்து நிற்பது தென்படும். அதன் உயரம் 766 மீட்டர்தான். ஆயினும் சுற்றுப்புறமெல்லாம் கோடையில் காய்ந்து கிடக்கும் காலத்திலும் அதன் சிகரத்தை மேகம் வந்து தழுவும். உலர்ந்த நாட்டுக்கு உரியனவல்லாத செடிகொடிகள் அந்த ஈரத்தில் செழிப்பதைக் கண்ட மக்கள், அநுமன் சஞ்சீவி மலையைச் சுமந்து சென்றபோது அதிலிருந்து சிந்திய துண்டே இது என்று ஐதீகம் கொண்டாடி வந்திருக்கிறார்கள். இன்று ரிட்டிகல என வழங்கும் இந்த மலையை, இலங்கையின் பழைய வரலாற்று நூலான மகாவம்சம் அரிட்ட பர்வதம் என்று குறிக்கிறது.

மலையின் கீழ்த்திசைச் சரிவில் ஏறத் தொடங்கியதும் முதலில் எதிர்ப்படுவது பண்டா பொக்குண என்னும் பெருங்குளம். நீர் வற்றிய குளத்தைச் சுற்றிலும் கருங்கற்படிகள் வரிசை வரிசையாக இறங்குகின்றன. அதைக் கடந்து வீரையும் முதிரையும் பாலையும் அடர்ந்த காட்டுக்குள் நுழைந்தால், மரங்களின் நடுவே கல் பாவிய பாதை ஒன்று வளைந்து வளைந்து மேலேறக் காண்கிறோம். குனிந்து அதன் கற்களை உற்று நோக்கினால் ஒரு கல்லின் விளிம்பு அடுத்த கல்லின் விளிம்புக்கு ஏற்பச் செதுக்கப்பட்டிருப்பது தெரியும். ஆயிரம் ஆண்டு மழை ஓடிய பின்னும், பெருவேர்கள் தூக்கிப் பெயர்த்த இடங்கள் நீங்கலாக, அந்தப் பொருத்து நெகிழவில்லை. இது வண்டிக்கோ யானைக்கோ இட்ட வழியன்று. வெறுங்காலுடன் நிலம் நோக்கி நடக்கும் துறவிகளின் பாதங்களுக்காக இட்ட வழி.

இம்மலையில் துறவிகள் புகுந்தது மிகப் பழைய காலத்தில். எழுபதுக்கு மேற்பட்ட குகைகள் இங்கே உண்டு. மழைநீர் உள்ளே வடியாதபடி நெற்றியில் விளிம்பு வெட்டிய குகைகளில், கிறிஸ்து சகாப்தத்துக்கு முந்திய பிராமி எழுத்துக்களில் தானம் செய்தோர் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. மதுரையைச் சூழ்ந்த குன்றுகளில் சமண முனிவர்களுக்குக் கற்படுக்கை வெட்டிக் கொடுத்துப் பெயர் பொறித்த நம் முன்னோரின் செயலை அறிந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாகத் தோன்றாது. சமயம் வேறாயினும், பாறையைக் குடைந்து துறவிக்கு நிழல் அளிப்பது புண்ணியம் என்ற எண்ணம் கடலின் இரு கரைக்கும் பொதுவாகவே இருந்தது.

ஆனால் இன்று நாம் காணும் கட்டிடங்களின் பெருமை ஒன்பதாம் நூற்றாண்டுக்கு உரியது. 833 முதல் 853 வரை அநுராதபுரத்தில் ஆண்ட முதலாம் சேனன், பாம்சுகூலிகர் என்னும் பிக்குகளுக்காக அரிட்ட பர்வதத்தில் ஒரு விகாரை எடுத்து, ராஜோசிதமான வசதிகளும் பணியாட்களும் அளித்தான் என்று வரலாற்று நூல் கூறுகிறது. குப்பை மேட்டிலும் சுடுகாட்டிலும் எறியப்பட்ட கந்தையைப் பொறுக்கித் தைத்து உடுத்துவதையே விரதமாகக் கொண்டவர்கள் பாம்சுகூலிகர். அவர்களது ஆசிரமத்தில் ஸ்தூபம் இல்லை, போதிமரத்துக்கு மேடை இல்லை, புத்தர் சிலைக்கு மனை இல்லை. காட்டு மரங்களினிடையே இரண்டிரண்டாக அமைந்த கல்மேடைகளே அங்கு உள்ளன. ஒரு மேடையிலிருந்து மற்றொன்றுக்குப் பெரும் பாறைப் பலகை பாலமாகக் கிடக்கிறது. ஒன்று வானத்துக்குத் திறந்த வெளி. மற்றொன்றில் கூரையைத் தாங்கிய தூண்களின் அடிகள் எஞ்சியிருக்கின்றன. அலங்காரம் என்று சொல்ல அங்கே ஒரு மலரிதழ் கூட இல்லை.

அநுராதபுரத்தின் மேற்குப் புறத்தில் இதே அமைப்புடன் கிடக்கும் துறவுமடங்களில் சிற்ப வேலை மிகுந்த பொருள் ஒன்றே ஒன்று காணக் கிடைக்கிறது. அது சிறுநீர் கழிப்பதற்கென இட்ட கல். ஐசுவரியம் மிக்க விகாரைகளின் மாடங்களையும் கோபுர முகப்புக்களையும் அக்கல்லிலே செதுக்கி வைத்தது, செல்வத்தைத் துறவிகள் எங்கே வைத்து எண்ணினார்கள் என்பதைக் காட்டவே என்று அறிஞர் சிலர் கருதுகின்றனர். அந்த வைராக்கியத்தை நினைக்கும்போது நம் உள்ளம் தலை வணங்குகிறது.

எனினும், அந்த வைராக்கியத்துக்கும் கீழே ஒரு நாடு வேண்டியிருந்தது. பாறை பிளந்தவர்களும், குளத்துக்குக் கரை கட்டியவர்களும், மருந்து அரைத்த கற்கள் இன்றும் கிடக்கும் நீராடு மனைக்கு விறகு சுமந்தவர்களும் சமவெளியிலிருந்தே வந்தார்கள். மலைமேல் நிலவிய மௌனம் மலையடியின் அமைதியை நம்பி வாழ்ந்தது. அந்த அமைதியைக் குலைத்தவர்களில் நம் மன்னர்களும் உண்டு என்பதை நாம் மறைத்தல் ஆகாது. இவ்விகாரையை எடுத்த சேனனின் காலத்திலேயே பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் படையெடுத்து வந்து அநுராதபுரத்தின் செல்வத்தை வாரிச் சென்றான். அடுத்து ஆண்ட இரண்டாம் சேனனின் படை மதுரைக்கு வந்து பழி தீர்த்தது. 993 வாக்கில் முதலாம் ராஜராஜனின் படை புகுந்த பின் அநுராதபுரம் தலைநகராக இருந்த நிலையை இழந்தது. சோழரின் ஆட்சி பொலனறுவையிலிருந்து நடந்தது. அரசும் கொடையும் நிலை குலைந்தபின் அரிட்ட பர்வதத்தின் விளக்குகளும் அவிந்தன. மெய்க்கீர்த்திகளில் நாம் பெருமிதத்துடன் படிக்கும் வெற்றிகளின் மறுபக்கம், வேர் தூக்கிய இந்தப் படிகளில் எழுதியிருக்கிறது.

பிறகு எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகக் காடே அதற்குக் காவல். 1872-இல் ஜேம்ஸ் மான்டெல் என்னும் நில அளவையாளர் இவ்விடிபாடுகளைக் கண்டார். 1893-இல் தொல்பொருள் ஆய்வாளர் பெல் முறையாக ஆராய்ந்தார். 1941-இல் மலையும் வனமும் பாதுகாக்கப்பட்ட இயற்கை ஒதுக்கிடமாயின.

இந்த மலைச்சாரலிலேதான் மல்வத்து ஓயா என்னும் ஆறு பிறக்கிறது. அது அநுராதபுரத்தின் ஓரமாகச் சென்று, வடமேற்கே திரும்பி, மன்னார்ப் பகுதியை அடையும்போது தமிழ் மக்களின் நாவில் அருவியாறு என்று பெயர் பெறுகிறது. தேக்கம் அணையில் தடுத்துத் திருப்பிய அதன் நீரே கட்டுக்கரைக் குளத்தை நிரப்பி வயல்களை விளைவிக்கிறது. படைகள் எந்தத் திசையில் போனாலும், எந்தக் கொடி எங்கே பறந்தாலும், அந்த நீர் ஓர் ஆண்டும் வழி மாறியதில்லை. கந்தை உடுத்த முனிவர்கள் காலாறிய மலையின் ஈரத்தில் விளைந்த நெல்லை, இன்றும் மன்னாரில் ஒரு தமிழ்த்தாய் உலையில் இடுகிறாள்.