செட்டிநாட்டு இனிப்புப் பணியாரம்: ஒரு சிக்கனப் பலகாரத்தின் வரலாறு

செட்டிநாட்டு இனிப்புப் பணியாரம் என்பது அரிசியும் உளுந்தும் அரைத்துப் புளிக்கவைத்த மாவில் கருப்பட்டி அல்லது வெல்லம் கலந்து, குழிகள் உள்ள பணியாரக்கல்லில் சுட்டெடுக்கும் பலகாரம். சிவகங்கை மாவட்டம் காரைக்குடியைச் சூழ்ந்தும், புதுக்கோட்டை மாவட்டத்தின் சில பகுதிகளிலும் பரவியுள்ள செட்டிநாட்டில் இது இடைப்பலகாரமாக, அதாவது மாலைச் சிற்றுண்டியாக, உண்ணப்படுகிறது. கோதுமையும் ஈஸ்ட்டும் வெதுப்படுப்பும் இல்லாத வீடுகளில் இனிப்பு ரொட்டியின் இடத்தில் இருந்தது இதுவே. பெருஞ்செல்வம் புழங்கிய இல்லங்களில் சிக்கனப் பண்டமாக இருந்த பணியாரம், அச்செல்வம் கரைந்த பின்னும் நிலைத்தது.

தொன்மை

மாவோடு பாகு சேர்த்துச் செய்யும் பண்டங்கள் தமிழகத்தில் மிகப் பழையவை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, அப்ப வாணிகரைக் 'கூவியர்' என்று குறிப்பிடுகிறது. அவர்கள் கரிய அகலில் பாகு சேர்த்துச் செய்த வட்டமான பண்டம் அதில் உவமையாக வருகிறது. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி, மதுரைக் கடைத்தெருவின் இரவைச் சொல்லும்போது தேனடை போன்ற மெல்லிய அடையையும், உள்ளீடு வைத்துப் பிடித்த மோதகத்தையும் கூறுகிறது. இவற்றை இன்றைய பணியாரம் என்று கொள்ள இயலாது. எனினும், சிறு பண்டங்களை இனிப்புச் சேர்த்துச் செய்து விற்கும் வழக்கம் சங்க காலத்திலேயே இருந்தது என்பதற்கு இவை சான்று.

ரொட்டியும் வெதுப்படுப்பும்

புளித்த கோதுமை ரொட்டி, 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியரோடு தென்னிந்தியக் கடற்கரைக்கு வந்தது. இலங்கைத் தமிழில் வழங்கும் 'பாண்' என்ற சொல் போர்ச்சுகீசிய மொழியிலிருந்து வந்ததே. ஈஸ்ட் கிடைக்காத கோவாவில் தென்னங்கள்ளை ஊற்றி மாவைப் புளிக்கவைத்தார்கள். ரொட்டி துறைமுகங்களிலும் படைமுகாம்களிலும் நகரங்களிலும் பரவியது. தமிழ்நாட்டு ஊர்ப்புறங்களில் நெடுங்காலம் அது நோயாளிக்கு வாங்கிக்கொடுக்கும் கடைப்பண்டமாகவே இருந்தது.

ரொட்டி வீட்டுச் சமையலுக்குள் வராததற்குக் காரணங்கள் தெளிவானவை. செட்டிநாடு மழை குறைந்த, கண்மாய்ப் பாசனத்தை நம்பிய நிலம். அங்கே கோதுமை விளைவதில்லை. ரொட்டிக்கு எல்லாப் பக்கமும் சீராகச் சூடு தரும் மூடிய அடுப்பு வேண்டும். அதைச் சூடேற்றவே நிறைய விறகு செலவாகும். ஒரு குடும்பத்துக்கான சிறிதளவு ரொட்டிக்காக அவ்வளவு விறகு எரிப்பது கட்டுப்படியாகாது.

பணியாரக்கல்லின் பயன்

இந்தச் சிக்கலுக்குப் பணியாரக்கல் எளிய தீர்வாக அமைந்தது. மாக்கல், வார்ப்பிரும்பு, வெண்கலம் ஆகியவற்றால் ஆன இக்கல்லில் பெரும்பாலும் ஏழு குழிகள் இருக்கும். மாவைச் சிறு சிறு குழிகளில் பிரித்து ஊற்றுவதால் சூடு நடுப்பகுதிவரை விரைவில் சென்றுசேரும். மூடி போட்டால் உள்ளே எழும் ஆவி மேற்பகுதியை வேகவைக்கும். பிறகு கம்பியால் திருப்பிவிட்டால் மறுபுறமும் சிவக்கும். சோறு வடித்த அடுப்பில் எஞ்சிய தணலே இதற்குப் போதும்.

மாவை உப்பவைப்பதற்கும் தனிப்பொருள் தேவையில்லை. ஊறவைத்து அரைத்த அரிசியிலும் உளுந்திலும் இயல்பாகவே உள்ள லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் இரவெல்லாம் கரியமில வாயுவை உண்டாக்குகின்றன. கோதுமை மாவில் குளூட்டன் அந்த வாயுவைப் பிடித்துவைக்கிறது. இங்கே உளுந்தின் புரதமும் வழவழப்பும் அந்த வேலையைச் செய்கின்றன.

குழிக்கல்லில் சுடும் பண்டங்கள் பல நாடுகளில் உண்டு. கேரளத்தின் உண்ணியப்பம், கர்நாடகத்தின் பட்டு, தாய்லாந்தின் கனோம் குரோக், டென்மார்க்கின் ஏபிள்ஸ்கீவர், ஜப்பானின் தகோயாகி ஆகியவை அவ்வகையினவே. பர்மாவில் அரிசி மாவை இப்படிச் சுட்டு, இரண்டிரண்டாக இணைத்து விற்கும் பண்டத்துக்குக் 'கணவன் மனைவிப் பலகாரம்' என்ற பொருளில் பெயர் வழங்குகிறது.

செய்முறை

பச்சரிசி 2 ஆழாக்கு, புழுங்கலரிசி 2 ஆழாக்கு, உளுந்து 1 ஆழாக்கு, வெந்தயம் ஒரு தேக்கரண்டி ஆகியவற்றை நான்கு மணி நேரம் ஊறவைத்துச் சற்றுக் கெட்டியாக அரைத்து, இரவு முழுதும் புளிக்கவிடுவர். கருப்பட்டியைச் சிறிது நீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, நன்றாக ஆறிய பிறகே மாவில் கலப்பர். பொடித்த ஏலக்காயும் பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காயும் சேர்வதுண்டு. குழிக்குச் சில துளி நல்லெண்ணெயோ நெய்யோ விட்டு முக்கால் குழி அளவு மாவு ஊற்றுவர். இனிப்புச் சேர்ந்த மாவு எளிதில் கருகும் என்பதால் தணலைக் குறைத்து வைப்பது வழக்கம். இரண்டாம் நாளில் புளிப்பேறிய இட்லி மாவிலும் கருப்பட்டி கலந்து பணியாரம் சுடலாம். இனிப்பு அந்தப் புளிப்பை அடக்கிவிடும், மாவும் வீணாகாது.

திருமணத்திலும் விழாவிலும் இடம்பெறும் கந்தரப்பம், கருப்பட்டிப் பணியாரம், வெள்ளைப் பணியாரம் ஆகியவை வேறு. இவற்றை எண்ணெய்ச் சட்டியில் ஊற்றிப் பொரிப்பார்கள். வெள்ளைப் பணியாரத்துக்குப் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதே அளவையின் மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவித்து எடுப்பது செட்டிநாட்டுக் கணக்கு. பொரித்த பணியாரம் விசேடத்துக்கு, குழிப்பணியாரம் அன்றாடத்துக்கு என்ற பிரிவு எண்ணெய்ச் செலவை ஒட்டி அமைந்தது.

அடுப்படியிலும் கணக்கு

செட்டிநாட்டின் பெரிய வீடுகளைக் கட்டிய நகரத்தார் சமூகத்தில், திருமணமான ஒவ்வொரு மகனின் குடும்பமும் ஒரு தனிப் 'புள்ளி'. கூட்டுக் குடும்பமாக ஒரே வீட்டில் இருந்தாலும் திருமணத்துக்குப் பின் மகனை 'வேறு வைப்பது' வழக்கம். அதன்பின் அக்குடும்பத்துக்குத் தனி அடுப்பும், ஆண்டுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்த நெல்லும் பணமும் இருக்கும். அதற்குள் குடும்பம் நடத்துவது மருமகளின் பொறுப்பு. தொழிலுக்காகப் பர்மா, இலங்கை, மலாயா சென்ற ஆண்களின் பணிக்காலம் பொதுவாக மூன்றாண்டு. அக்காலத்தில் வீட்டை ஆச்சிமார்களே நிர்வகித்தனர்.

1929இல் அண்ணாமலைச் செட்டியார் பல்கலைக்கழகம் தொடங்கிய அதே சமூகத்தின் அடுப்படியில் அரிசி ஆழாக்குக் கணக்கில் எடுக்கப்பட்டது. இந்தச் சிக்கனத்தின் இன்னொரு பக்கம் உழைப்பு. ஆட்டுக்கல்லில் மாவாட்டியதும், புகையில் அமர்ந்து ஏழேழாகச் சுட்டதும் வீட்டுப் பெண்களும் கூலிக்கு வந்த பெண்களுமே. அளந்து எடுத்த அரிசிக்குக் கணக்கு இருந்தது. வீட்டுப் பெண்கள் செலவிட்ட நேரத்துக்குக் கணக்கு இல்லை.

பர்மாவும் அதன் பின்னும்

1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சியில் அரிசி விலை சரிந்தது. கடன் வாங்கிய உழவர்களின் நிலங்கள் செட்டியார்களிடம் வந்து சேர்ந்தன. கீழ்ப் பர்மாவின் 13 முதன்மை நெல் மாவட்டங்களில் அவர்களிடமிருந்த நிலத்தின் பங்கு 1930இல் 6 விழுக்காடாக இருந்து 1938இல் 25 விழுக்காடாக உயர்ந்தது. நிலம் இழந்த பர்மிய உழவர்களிடம் இது ஆழ்ந்த கசப்பை வளர்த்தது. 1937இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. 1942இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது பெருந்திரளான இந்தியர்கள் வெளியேறினர். விடுதலைக்குப் பின் நிலங்களும், 1962 இராணுவ ஆட்சிக்குப் பின் வங்கிகளும் வணிகங்களும் தேசியமயமாயின.

பர்மியத் தேக்கால் கட்டிய வீடுகள் பல பூட்டிக் கிடந்தன. சில இடிக்கப்பட்டு அவற்றின் தூண்களும் கதவுகளும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்குப் போயின. பர்மாவிலிருந்து வந்த கவுனி அரிசி இனிப்பாகச் செட்டிநாட்டு விருந்தில் இன்றும் இடம்பெறுகிறது. ஆனால் பணியாரத்துக்குக் கடல் கடந்து வரவேண்டிய பொருள் எதுவும் இல்லை. அதற்கான அரிசியும் உளுந்தும் கருப்பட்டியும் அருகிலேயே கிடைத்ததால் வீட்டுப் பொருளாதாரம் மாறியபோதும் அதன் செய்முறை மாறவில்லை.

இன்று

மின் அரவை இயந்திரமும் ஒட்டாத பூச்சுக் கல்லும் வந்தபின் பணியாரத்துக்கான உழைப்பு குறைந்துள்ளது. காரைக்குடியில் வீட்டுப் பலகாரம் செய்து விற்பது பல பெண்களுக்கு வருவாய்த் தொழிலாகியிருக்கிறது. ஒரு காலத்தில் குடும்பக் கணக்கில் இடம்பெறாத அந்தக் கைத்திறனுக்கு இப்போது விலை கிடைக்கிறது. செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அந்த மாளிகைகளைப் பராமரிக்கப் பெரும்பொருள் தேவைப்படுகிறது. அவற்றின் அடுப்படியில் பிறந்த பணியாரமோ ஒரு கல்லும் ஒரு கைப்பிடி உளுந்தும் உள்ள எந்த வீட்டிலும் தொடர்கிறது.