ஒரு கைக்குட்டையும் பழவேற்காடும்: ஒரு நீண்ட இழை

1/ போன வாரம் ஓபியில ஒரு தம்பி. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை. தூசியில் நின்னு நின்னு இருமல். கழுத்துல சிவப்புக் கட்டம் போட்ட கைக்குட்டை. "மாஸ்க் போடலையா?"ன்னு கேட்டேன். "இந்த பந்தனாவைத்தான் கட்டிக்கிறேன் சார்"ன்னார். சொந்த ஊர் எதுன்னா, பழவேற்காடு பக்கம். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. ஏன்னு சொல்றேன். கொஞ்சம் நீளமான இழை, டீ எடுத்துக்கிட்டு வாங்க.

2/ எங்க தொழில்ல ஊர்ப் பேரை நோய்க்கு வைக்கிற பழக்கம் உண்டு. கண் சிவந்தா "மெட்ராஸ் ஐ". காலில் வீங்கிப் புண்ணாகி, குருணை குருணையாக வெளியே வரும் ஒரு தொற்றுக்கு "மதுரா ஃபுட்". மதுரையில் வேலை பார்த்த ஆங்கிலேய மருத்துவர்கள் 1840களில் எழுதிவெச்ச பேர், இன்னும் பாடப்புத்தகத்துல இருக்கு. மதுரைக்காரங்க பாவம், என்ன பண்ணாங்க?

3/ புது நோய்களுக்கு ஊர்ப் பேர் வைக்காதீங்கன்னு உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொல்லிடுச்சு. நல்ல விஷயம். ஆனா நம்ம திருவள்ளூர் மாவட்டத்துல இருந்து ஒரு ஊர்ப் பேர் நோயா இல்லாம, ஒரு பொருளா ஆங்கிலத்துக்குள்ள போச்சு. அதுதான் "புல்லிகேட்". பெரிய ஆங்கில அகராதிகளைப் புரட்டுங்க, இருக்கும். பொருள்: வண்ணக் கைக்குட்டை, கட்டம் போட்ட துணி. மூலம்: புலிகாட். அதாவது நம்ம பழவேற்காடு.

4/ பழவேற்காடுன்னு வெள்ளைக்காரன் வாயில வரல. போர்ச்சுகீசியர் "பலியகாத்தே"ன்னு எழுதினாங்க. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துவார்த்தே பார்போசா எழுதின குறிப்புகளிலேயே இந்தத் துறைமுகம் வந்துடுது. அப்போ இது விஜயநகரப் பேரரசின் முக்கியத் துறைமுகங்கள்ல ஒண்ணு. பல நாட்டு வணிகர்கள் கூடின இடம்.

5/ அப்புறம் டச்சுக்காரங்க. 1610இல் இங்க பண்டகசாலை போட அனுமதி வாங்கினாங்க. 1612இல் போர்ச்சுகீசியர் வந்து தாக்கினாங்க. 1613இல் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை சோழமண்டலக் கரையில் டச்சு நிறுவனத்தின் தலைமையிடம் இதுதான். சென்னையில் ஜார்ஜ் கோட்டைக்கான வேலை 1640இல்தான் ஆரம்பிச்சுது. அதாவது மெட்ராஸ் பிறக்கும் முன்னாடியே பழவேற்காடு உலகச் சந்தையில் இருந்த பேர்.

6/ டச்சுக்காரனுக்கு இங்க என்ன வேலை? அவனுக்கு வேண்டியது இந்தோனேசியத் தீவுகளின் கிராம்பும் ஜாதிக்காயும். அந்தத் தீவுக்காரங்க கேட்டதோ சோழமண்டலத் துணி. வெள்ளியைக் கொண்டுவந்து இங்க துணி வாங்கு, துணியைக் கொடுத்து அங்க வாசனைப் பொருள் வாங்கு. இதுதான் கணக்கு. நம்ம துணி அங்க காசு மாதிரி ஓடுச்சு.

7/ இன்னொரு சரக்கும் இந்தக் கரையில் இருந்து போச்சு. மனுஷங்க. 17ஆம் நூற்றாண்டில் பஞ்சம் வந்தபோதெல்லாம் பசிக்குத் தங்களையும் பிள்ளைகளையும் விற்றவர்களை வாங்கி, அடிமைகளாக பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பல் ஏத்தினாங்க. கைக்குட்டையின் கதையைச் சொல்லிட்டு இதைச் சொல்லாம விட்டா அது பாதி வரலாறு.

8/ சரி, துணிக்கு வருவோம். இதன் சிறப்பே நூலுக்கு முதல்ல சாயம் ஏத்தி, பிறகு கட்டம் கட்டமா நெய்யறது. சிவப்புக்குச் சாயவேர். கடலோர மணலில் வளர்ற சின்னச் செடி, அதன் வேரில்தான் நிறம். நீலத்துக்கு அவுரி. நீளமா ஒரே துண்டா நெய்து அனுப்புவாங்க, வாங்குறவங்க கைக்குட்டைகளா வெட்டிக்குவாங்க.

9/ ஐரோப்பாவில் இதுக்கு ஏன் அவ்வளவு கிராக்கி? ஒரு காரணம் மூக்குப்பொடி! 18ஆம் நூற்றாண்டில் அங்க கனவான்களும் சீமாட்டிகளும் பொடி போட்டாங்க. வெள்ளைக் கைக்குட்டையில் மூக்கைச் சிந்தினா கறை பளிச்சுன்னு தெரியும். அடர் வண்ணத்தில் தெரியாது. நம்ம ஊர்த் தாத்தாக்களுக்கு இது விளக்கணுமா என்ன?

10/ இந்தியத் துணி இப்படிக் குவிஞ்சதும் பிரிட்டனின் நெசவாளர்கள் கொதிச்சுட்டாங்க. சாயமேற்றிய, அச்சிட்ட இந்தியப் பருத்தித் துணிகளுக்கு 1700லயும் 1721லயும் தடைச் சட்டங்கள் வந்தன. ஆனா வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பலாம். அப்படி மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் அமெரிக்கக் கண்டத்துக்கும் போச்சு. நைஜீரியாவின் கலாபாரி மக்கள் மெட்ராஸ் கட்டத் துணியை இன்னிக்கும் பிறப்பு முதல் இறப்புச் சடங்கு வரை மரியாதைக்குரிய துணியா வெச்சிருக்காங்க.

11/ அப்புறம் என்ன ஆச்சு? 1780களில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பகுதியில் அதே மாதிரித் துணியை அவங்களே நெய்ய ஆரம்பிச்சாங்க. சிவப்புச் சாயத்துக்குத் தனியா ஒரு ஆலையே 1785இல் வந்தது. நெய்தவன் ஸ்காட்லாந்துக்காரன், நூல் அவனுது, சாயம் அவனுது. துணிக்குப் பேர் மட்டும் "புல்லிகேட்". கடல் காணாத கிராமத்து நெசவாளி ஒருத்தன் "புல்லிகேட் நெய்யறேன்"னு சொன்னான். அது ஒரு ஊரோட பேருன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்குமா?

12/ அவனுக்கும் விடியல. விசைத்தறி வந்ததும் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே கிளாஸ்கோ கைத்தறியும் படுத்துடுச்சு. தறி போனதும் சொல்லும் புழக்கத்துல இருந்து போச்சு. இன்னிக்கு லண்டன்ல போய் "புல்லிகேட்" கேட்டா முழிப்பாங்க. அந்த இடத்தை "பந்தனா" பிடிச்சுக்கிச்சு. அதுவும் நம்ம நாட்டுச் சொல்தான். முடிச்சுப் போட்டுச் சாயம் ஏத்தற வடஇந்திய முறையில் இருந்து வந்தது.

13/ ஆனா சொல் முழுசா சாகல. மெக்சிகோவுக்குப் போங்க. அங்க கட்டம் போட்ட, பூப்போட்ட சிவப்புக் கைக்குட்டைக்கு இன்னிக்கும் தெருவில் புழங்கும் பேர் "பாலியகாத்தே". அது அந்த ஊர்ப் பழங்குடி மொழிச் சொல்லுன்னு சொல்றவங்களும் உண்டு. ஆனா நாலாவது ட்வீட்டைத் திரும்பப் பாருங்க. போர்ச்சுகீசியர் எழுதின பேரை அப்படியே ஒத்திருக்கு! மெட்ராஸில் இருந்து மணிலா, மணிலாவில் இருந்து ஸ்பானியக் கப்பலில் அகபுல்கோ. வழி இருந்தது.

14/ மெக்சிகோவின் விடுதலை வீரர் மொரேலோஸின் படத்தைத் தேடிப் பாருங்க. பெரும்பாலான படங்கள்ல தலையில் ஒரு துணி இருக்கும். அது பாலியகாத்தேதான். ஒற்றைத் தலைவலிக்காக இறுக்கிக் கட்டினார்னு அங்க சொல்வாங்க. இதை எந்த டாக்டரும் நம்புவான். என் பாட்டியும் தலைவலின்னா புடவைக் கிழிசலை இறுக்கிக் கட்டிக்கிட்டுத்தான் படுப்பாங்க.

15/ இன்னொரு வேடிக்கை. நம்ம ஊர்ப் பேரை அவங்க கைக்குட்டைக்கு வெச்சுக்கிட்டாங்க. நாம கைக்குட்டைக்கு என்ன சொன்னோம்? வயசானவங்களைக் கேளுங்க, "லேஞ்சி"ம்பாங்க. இலங்கைத் தமிழர்கள் இன்னும் சொல்றாங்க. அது போர்ச்சுகீசியச் சொல். துணியைக் கொடுத்துட்டு சொல்லைக் கடன் வாங்கியிருக்கோம்.

16/ இதுல எனக்கு உறுத்துற விஷயம் ஒண்ணு இருக்கு. பழவேற்காடு துறைமுகம். நெசவில் பெரும்பங்கு நடந்தது அதுக்குப் பின்னால் இருந்த உள்நாட்டு ஊர்களில். முன்பணம் வாங்கி, கடன்ல கட்டுண்டு நெய்தவங்களோட ஊர்ப் பேர் எந்த அகராதியிலும் இல்லை. துணிமேல் ஒட்டிக்கிட்டது கப்பல் ஏறின இடத்தோட பேர். கோழிக்கோட்டில் இருந்து வந்த "காலிகோ"வுக்கும் இதே கதைதான். பேர் என்பது அனுப்புநர் முகவரி, உழைச்சவன் முகவரி இல்லை.

17/ இன்னிக்குப் பழவேற்காட்டில் என்ன இருக்கு? கோட்டை இருந்த மேட்டுல புதர். எலும்புக்கூடுகள் செதுக்கின வாசலோட டச்சுக் கல்லறை. பனையோலையில் பெட்டி முடையும் பெண்கள். சில்காவுக்கு அடுத்து நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி. துறைமுக விரிவாக்கம் வந்தா அந்த ஏரியும் தொழிலும் என்னாகும்னு போராடுற மீனவர்கள். கைக்குட்டையைக் காணோம். மாவட்டத்துல தறிச்சத்தம் கேட்கணும்னா மேற்கே பள்ளிப்பட்டு, பொதட்டூர்ப்பேட்டைப் பக்கம் போகணும்.

18/ இதை எல்லாம் சுருக்கி அந்தத் தம்பிகிட்ட சொன்னேன். கழுத்துத் துணியை அவுத்துப் பார்த்தார். "எங்க ஊர் பேரா சார் இது? எங்க ஊர் பேர் மீன் வண்டியிலதான் போகும்னு நினைச்சேன்"ன்னார். அப்புறம் சொன்னதுதான் மனசுல நிக்குது: "நாங்க பண்ற சாமானும் எங்கெங்கயோ போவுது சார். அதுல கம்பெனி பேர்தான் இருக்கும்."

19/ பந்தனா பழவேற்காட்டுக்குப் பெருமையா இருக்கலாம், நுரையீரலுக்குக் காவல் இல்லை. நுண்தூசியைத் துணி தடுக்காது. என்95 மாஸ்க் கேட்டு வாங்கிப் போடுங்கன்னு எழுதிக் கொடுத்தேன். சிப்காட்டில் தூசியில் வேலை பார்க்கும் எல்லாருக்கும் அதேதான். ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருந்தா சளிப் பரிசோதனை அவசியம், அரசு மருத்துவமனையில் இலவசம்.

20/ அடுத்த முறை பழவேற்காட்டுக்கு எறா சாப்பிடப் போறவங்க, ஒரு பத்து நிமிஷம் அந்த டச்சுக் கல்லறைக்குப் போயிட்டு வாங்க. வணிகனுக்கும் அதிகாரிக்கும் கல்லில் பேர் இருக்கு. நெய்தவங்களுக்கு இல்லை. உங்க பாக்கெட்டில் கைக்குட்டை இருந்தா, அவங்களையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்குங்க.