மோதல் கண்டறிதல் (சிஎன்சி)

சிஎன்சி பொறிகளில் மோதல் கண்டறிதல் என்பது வெட்டுளி, அதன் பிடிப்பான், சுழல்தண்டு ஆகியவை பணிப்பொருளுடனோ அதைப் பற்றியிருக்கும் பிடிகளுடனோ மோதுமா என்பதை, வெட்டும் பணி தொடங்குமுன் மென்பொருள் வழி அறியும் முறை ஆகும். மோதல் நேர்ந்தால் வெட்டுளி முறிவதுடன் சுழல்தண்டின் தாங்கிகளும் பழுதடையக்கூடும்.

செயற்பாடு

மென்பொருள் ஜி-குறிமுறையை வரிவரியாகப் படித்து, பொறியின் முப்பரிமாண மாதிரியை நகர்த்துகிறது. முதலில் பாகங்களைச் சூழ்ந்த எளிய பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றனவா எனப் பார்க்கப்படும். படிந்தால் மட்டுமே உண்மை வடிவங்கள் ஒப்பிடப்படும். ஜி01 கட்டளையில் வெட்டுமுனை பணிப்பொருளைத் தொடுவது வெட்டுதல். ஜி00 எனும் விரைவு நகர்வில் தொடுவது மோதல்.

குறைபாடு

மாதிரியில் உள்ளதை மட்டுமே மென்பொருள் அறியும். வெட்டுளியின் நீளம் பிழையாக உள்ளிடப்பட்டால், திரையில் மோதலின்றி முடிந்த நிரல் பொறியில் மோதலாம். எனவே புதிய நிரலை முதலில் குறைந்த வேகத்தில் இயக்கிப் பார்ப்பது வழக்கம்.