குழந்தை நலப் பணிகளை மதிப்பிட்ட வரலாறு

குழந்தைக்கு வேண்டிய உணவு ஓரிடத்திலும், தடுப்பூசி வேறோரிடத்திலும், கல்வி மற்றோரிடத்திலும் கிடைக்குமாயின், கூலி வேலை செய்யும் தாய் எத்தனை வாயில்களில் காத்து நிற்க இயலும்? இக்கேள்வி நம் நாட்டிற்குப் புதிதன்று. 1943ஆம் ஆண்டு ஸர் ஜோசப் போர் தலைமையில் அமைந்த குழு, 1946இல் அளித்த அறிக்கையில், நோய் தடுக்கும் பணியையும் நோய் தீர்க்கும் பணியையும் ஒன்றாக இணைத்தல் வேண்டுமென வற்புறுத்திற்று. 1974இல் குழந்தைகளுக்கான தேசியக் கொள்கை வகுக்கப்பெற்றது. அதனை அடியொற்றி, 1975 அக்டோபர் 2ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 33 இடங்களில் தொடங்கிற்று.

ஊட்ட உணவு, தடுப்பூசி, உடற்பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புதல், தாய்மார்க்குச் சுகாதாரப் போதனை, பள்ளி முன்பருவக் கல்வி ஆகிய ஆறு பணிகளையும் அங்கன்வாடி என்னும் ஒரே கூரையின்கீழ்க் கொணர்வது அதன் நோக்கம். முதன்முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட இடங்களுள் பம்பாயின் தாராவியும் ஒன்று. தமிழர் பெருந்திரளாகக் குடியேறிய அப்பகுதியின் குழந்தைகள் இத்திட்டத்தின் வரலாற்றில் தொடக்கத்திலேயே இடம்பெற்றனர் என்பதை நாம் நினைவிற் கொள்ளலாம்.

திட்டம் தொடங்கிய மறு ஆண்டே அதனை மதிப்பிடும் பணியும் தொடங்கியது. திட்டக் கமிஷனின் மதிப்பீட்டுப் பிரிவு 1976 முதல் 1978 வரை ஆய்வு நடத்தியது. தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த டாக்டர் பி. என். டாண்டன் வழிகாட்ட, பல மருத்துவக் கல்லூரிகளின் ஆசிரியர்கள் குழந்தைகளின் ஊட்ட நிலையையும் தடுப்பூசி பெற்றோர் அளவையும் கணக்கிட்டனர். திறந்த நிலையங்களை எண்ணுவதோடு நில்லாமல், குழந்தையின் உடலில் விளைந்த மாற்றத்தையே அளந்தமை அவர்தம் பணியின் சிறப்பு.

1980இல் தமிழ்நாட்டில் உலக வங்கியின் உதவியுடன் வேறொரு வழி சோதிக்கப்பட்டது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்து, எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் உணவளித்து, தேறியபின் நிறுத்திவிடுவதே அம்முறை. ஊட்டக்குறை வேரூன்றுவது முதல் மூன்றாண்டுகளில்தான் என்பதே அதன் அடிப்படை. அகில இந்தியத் திட்டமோ மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளிடமே மிகுதியாகக் கவனம் செலுத்தியது என்று 2005இல் உலக வங்கியின் ஆய்வு சுட்டிக்காட்டிற்று.

2005–06ஆம் ஆண்டுத் தேசியக் குடும்ப நல ஆய்வு மேலும் ஓர் உண்மையை வெளியிட்டது. அங்கன்வாடி உள்ள பகுதிகளில் வாழ்ந்த ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுள், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே அதற்கு முந்திய ஓராண்டில் ஏதேனும் ஒரு பணியைப் பெற்றிருந்தனர். நிலையம் இருத்தல் வேறு, பயன் சேர்தல் வேறு. வயதிற்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்டோர் அவ்வாய்வில் 48 சதவீதம், 2019–21இல் 35.5 சதவீதம். முன்னேற்றம் உண்டு, ஆயினும் மனநிறைவுக்கு இடமில்லை.

இணைப்பு எங்கே தளர்கிறது? உணவும் முன்பருவக் கல்வியும் ஓர் அமைச்சகத்தின் பொறுப்பு. தடுப்பூசியும் பரிசோதனையும் மேல்சிகிச்சையும் சுகாதாரத் துறையின் பொறுப்பு. இரண்டும் ஒரே நாளில், ஒரே குழந்தையிடம் வந்து சேர்ந்தாலன்றி, 'ஒருங்கிணைந்த' என்னும் அடைமொழி பெயர்ப்பலகையோடு நின்றுவிடும். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலவாழ்வுத் திட்டம், பிறப்பு முதல் பதினெட்டு வயது வரை குறைபாடுகளைக் கண்டறிந்து சிகிச்சைக்கு அனுப்ப வகை செய்தது. 2014இல் வளரிளம் பருவத்தினர்க்கும் தனித் திட்டம் வந்தது. இவற்றையும் இதே உரைகல்லில் உரைத்துப் பார்த்தல் தகும்.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இது ஏட்டுச் செய்தியன்று. அடிக்கடி குடிமாறுவோரின் குழந்தைகள் பதிவேட்டில் எளிதில் விடுபடுவர். மொழி தெரியாத தாய் கேட்கத் தயங்குவாள். ஆறு வயதுக்குட்பட்டோர் நாற்பது பேரேனும் உள்ள குடியிருப்பில் அங்கன்வாடி இல்லையெனில், கோரிக்கை விடுத்த மூன்று மாதங்களுக்குள் அமைத்தல் வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பரில் ஆணையிட்டது. அவ்வூர் மொழி அறிந்தவர் அதனை அறியாத தாய்க்குத் துணையாகச் சென்று பெயரைப் பதிவு செய்விப்பதும், எடை குறிக்கும் அட்டையைப் படித்துச் சொல்வதும் நம்மால் இயலும் பணிகளே.

தமிழில் எண்ணுதல் என்பதற்குக் கணக்கிடுதல், சிந்தித்தல் என இரு பொருளும் உண்டு. மதிப்பீட்டிற்கு இரண்டும் வேண்டும். ஏட்டில் ஏறாத குழந்தையை எந்த ஆய்வும் எண்ணிப் பார்ப்பதில்லை.