பஞ்சமும் மந்தமும்: அமெரிக்கச் சிறுநகர இளமை நினைவுகளை மொழிபெயர்த்தல்

1930களில் அமெரிக்கச் சிறுநகரங்களில் சிறுவராயிருந்தோர் பிற்காலத்தில் கூறிய நினைவுகள் அக்காலச் சமூக வரலாற்றுக்கு முதன்மைச் சான்றுகளுள் ஒன்றாக விளங்குகின்றன. ஸ்டட்ஸ் டெர்க்கல் 1970இல் வெளியிட்ட 'ஹார்ட் டைம்ஸ்' என்னும் வாய்மொழி வரலாற்றுத் தொகுப்பு இவ்வகையில் பரவலாக அறியப்பட்டது. மொழிபெயர்ப்பாளரின் இடர்ப்பாடு அந்நூலின் தலைப்பிலேயே தொடங்கிவிடுகிறது. 'பஞ்ச காலம்' என்ற தொடர் தமிழர் நாவில் எளிதாக வருகிறது. ஆயின் அச்சொல் நினைவு கூறுவோரின் வரலாற்றையே மாற்றிவிடும் என்பதை எடுத்துக்காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பஞ்சம் என்றதும் 1876-78ஆம் ஆண்டுகளின் தாது வருடப் பஞ்சம் நம் நினைவுக்கு வருகிறது. மழை பொய்த்துத் தானியம் அருகி, விலை ஏறி, மக்கள் மடிந்த காலம் அது. அமெரிக்காவில் நிகழ்ந்ததோ ஏறத்தாழ இதற்கு நேர்மாறானது. தானியம் குவிந்து கிடந்தது, விலைதான் வீழ்ந்தது. 1932-33 குளிர்காலத்தில் அயோவா போன்ற மாநிலங்களில் நிலக்கரி வாங்குவதைவிட மக்காச்சோளத்தை எரிப்பது மலிவாயிருந்தமையால் உழவர் அதனையே அடுப்பிலிட்டனர். விலையை உயர்த்தும் பொருட்டு 1933இல் அரசு அறுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளை வாங்கிக் கொல்லச் செய்தது. உணவு எரிவதைக் கண்ட குழந்தையின் வியப்பு 'பஞ்சம்' என்னும் சொல்லுக்குள் அடங்காது. சமவெளி மாநிலங்களில் வறட்சியும் புழுதிப்புயலும் சேர்ந்துகொண்டன என்பது உண்மையே. அங்கும் 'வறட்சி' எனச் சுட்டுவதே தகும். பொருளியலார் வழங்கும் 'பெருமந்தம்' பொருளால் சரியெனினும் எட்டு வயதுச் சிறுமியின் வாய்க்கு ஒவ்வாது. 'கையில் காசில்லாத காலம்' என விரித்துரைப்பதே எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது.

நினைவுரையிலுள்ள எல்லாச் சொற்களும் நினைவின் காலத்தைச் சார்ந்தவை அல்ல என்பதும் கருதத்தக்கது. திரையரங்குகளில் சீட்டுடன் இலவசமாகக் கிடைத்த வண்ணக் கண்ணாடித் தட்டுகளைப் பலரும் 'டிப்ரஷன் கிளாஸ்' என்கின்றனர். அப்பெயர் பழம்பொருள் சேகரிப்போர் பின்னாளில் இட்டது. மாறாக, வெளியே இழுத்துவிடப்பட்ட வெற்றுச் சட்டைப்பையை 'ஹூவர் கொடி' என்றதும், போர்த்திக்கொண்ட செய்தித்தாளை 'ஹூவர் போர்வை' என்றதும் அக்காலத்து ஏளனங்களே. 1929 முதல் 1933 வரை குடியரசுத் தலைவராயிருந்தவரின் பெயர் அது. இவற்றை அப்படியே காப்பது நலம்.

மிகுந்த கவனம் வேண்டுவது 'ரிலீஃப்' என்னும் சொல். 'நிவாரணம்' எனப் பெயர்ப்பதே நம் வழக்கம். தமிழ்நாட்டில் புயலும் வெள்ளமும் வந்தபின் வழங்கப்படுவது நிவாரணம். அதைப் பெறுவதில் இழுக்கில்லை, கிடைக்கவில்லையெனில் மறியலும் உண்டு. அமெரிக்கச் சிறுநகரத்திலோ அதிகாரி வீடு புகுந்து வறுமையை ஆராய்ந்த பின்னரே உதவி கிடைத்தது. அண்டை வீட்டார் அறிய நேர்ந்தால் தலைகுனிவு. 1935இல் தொடங்கிய டபிள்யூ.பி.ஏ. திட்டத்தில் சாலையமைத்த தந்தை ஊதியம் பெற்றார். உதவி பெறவில்லை என்பதே அக்குடும்பத்தின் பெருமை. அத்திட்டத்தின் தையற்கூடங்களில் தைத்த உடைகள் வறிய குடும்பங்களுக்கு வழங்கப்பட்டன. அத்தகைய உடையை அணிந்து பள்ளிக்குச் சென்ற பிள்ளையின் கூச்சத்தை 'நிவாரண உடை' என்னும் தொடர் சிறிதும் உணர்த்தாது. 1937-38இல் மந்தம் மீண்டும் கடுமையாகி வேலையின்மை ஏறத்தாழ ஐந்திலொரு பங்கினரை எட்டியபோது இந்த நாணம் மேலும் பல வீடுகளுக்குள் புகுந்தது. 'தருமச் சோறு' என்று நம் ஊர்களில் சொல்லும்போது ஒலிக்கும் உறுத்தல் இதற்குச் சற்று நெருக்கமானது.

இதே உறுத்தலைக் கொல்லைப்புற வாசலிலும் காணலாம். சரக்கு இரயிலில் வந்திறங்கியவர் கதவைத் தட்டி, விறகு பிளந்து தருவதாகக் கூறி, அதன்பின் உண்பதைப் பிள்ளைகள் சன்னல் வழியே பார்த்திருந்தனர். அவர் 'ஹோபோ'. வேலை தேடி அலைபவருக்கே அப்பெயர். அலைந்தும் உழைக்காதவரை 'டிராம்ப்' என்றனர். 'பிச்சைக்காரர்' என எழுதும் மொழிபெயர்ப்பாளர் அவர் கையிலிருந்த கோடரியைப் பறித்துவிடுகிறார்.